போன் உருட்டும் பகடை உண்மையிலேயே தற்செயலா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டு நின்றுவிடும். பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வராமல் மழைத்தண்ணீரோடு கலந்து மரத்தில் பரவி வழிந்துவிடும். அப்படி வேலையில்லாத ஒரு காலையில் பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து போனில் பேக்கேமன் ஆடிக்கொண்டிருந்தார். பதினோரு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அங்கே கூடத் தங்கியிருந்த எகிப்துக்காரர்களிடம் இந்த ஆட்டத்தைப் படித்தார். அவர்கள் இதைத் தாவ்லா என்பார்களாம். ஆறும் ஐந்தும் விழுந்தால் இன்றைக்கும் "ஷேஷ் பேஷ்" என்றுதான் சொல்வார்.

அன்றைக்குப் போனைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்க காயை வெட்டணும்னா அவனுக்கு வேண்டிய நம்பரு கரெக்டா விழுது, கேட்டியா மக்களே. எனக்கு ஏற வேண்டிய நம்பரு மட்டும் விழாது. இது கள்ளக் கட்டையாக்கும்."

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. போனில் பேக்கேமன் ஆடுகிறவர்கள், லூடோ ஆடுகிறவர்கள், தாயம் ஆடுகிறவர்கள் எல்லாரும் என்றாவது ஒரு நாள் சொல்லியிருப்பார்கள். நான் மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவன். வகுப்பில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். நிகழ்தகவுப் பாடத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. அண்ணனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பலகையில் 24 கட்டங்கள், ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடை. இருவரும் எதிரெதிர்த் திசையில் காய்களைக் கொண்டுவந்து தங்கள் வீட்டில் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். தனியாக நிற்கும் காய்மேல் எதிராளி வந்தால் வெட்டு. இரண்டு காய் சேர்ந்து நின்றால் அந்தக் கட்டம் பூட்டு, எதிராளி அங்கே இறங்க முடியாது. வெட்டுப்பட்ட காய் பலகையின் நடுச்சட்டத்தில் காத்திருக்கும். அது எதிராளியின் வீட்டுக்குள் ஏறிய பிறகுதான் வேறு காயைத் தொடலாம். இரட்டை விழுந்தால் நான்கு நகர்வு. தாயம் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

சரி, அண்ணனின் பலகைக்கு வருவோம். அவருடைய தனிக்காய் ஒன்று எதிராளியின் காயிலிருந்து சரியாக ஆறு கட்டம் தள்ளி நின்றது. எதிராளிக்கு நாலும் இரண்டும் விழுந்தது. வெட்டு. "பாத்தியா? வேற எதுவும் விழாம அந்த நாலும் ரெண்டுமே விழணுமா?" என்றார்.

நான் கிழித்துப் போட்ட காலண்டர் தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். ஒரு பகடை சிவப்பு, இன்னொன்று வெள்ளை என்று வைத்துக்கொண்டால், சிவப்பில் ஆறு விதம், ஒவ்வொன்றுக்கும் வெள்ளையில் ஆறு விதம், மொத்தம் 36. இதில் ஏதாவது ஒன்றில் ஆறு விழும் வீச்சுகள் 11. ஐந்தும் ஒன்றும் விழுந்தாலும் ஆறு கட்டம் போகலாம். சிவப்பு ஐந்து, வெள்ளை ஒன்று ஒரு விதம், மாறி விழுந்தால் இன்னொரு விதம், ஆக 2. நாலும் இரண்டும் அதேபோல 2. மூன்றும் மூன்றும் விழுந்தால் 3+3, அது 1. இரண்டும் இரண்டும் விழுந்தால் 2+2+2, அது 1. கூட்டினால் 17.

அண்ணன் கண்ணுக்குத் தெரிந்தது அவரை வெட்டிய அந்த 4-2 மட்டும். ஆனால் 36-ல் 17 வீச்சுகள் அவரை வெட்டக் காத்திருந்தன. கிட்டத்தட்டக் காசு சுண்டிப் பார்ப்பது மாதிரிதான். அந்தக் காயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, ஏழாவது கட்டத்தில் வைத்திருந்தால்? 6-1, 5-2, 4-3, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் இரண்டு விதம், மொத்தம் 6. ஒரு கட்டம் மாறினால் 17 எங்கே, 6 எங்கே! அந்தக் கட்டத்துக்கு நகர்த்த அவருக்கு அந்த ஆட்டத்தில் வழியும் இருந்தது.

வெட்டுப்பட்ட பிறகு நடந்தது இன்னும் கொடுமை. எதிராளி தன் வீட்டின் ஆறு கட்டங்களில் ஐந்தைப் பூட்டி வைத்திருந்தார். திறந்திருந்தது ஒன்று. அந்த ஒரு எண் விழ வாய்ப்பு 36-ல் 11, விழாமல் போக 25. அண்ணன் தொடர்ந்து மூன்று முறை உருட்டியும் ஏற முடியவில்லை. மூன்று முறையும் தவறுவதற்கான வாய்ப்பு என்ன? முப்பத்தாறில் இருபத்தைந்து என்பதை மூன்று முறை பெருக்கினால் சுமார் 0.33 வரும். அதாவது இந்த நிலைமையில் மாட்டிக்கொள்கிற மூன்று பேரில் ஒருவருக்கு இதுதான் நடக்கும். ஐந்து முறை தொடர்ந்து தவறுவதுகூட ஆறில் ஒருவருக்கு நடக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தற்செயல் என்றால் எல்லாம் சமமாகப் பரவி விழும் என்று நம் மனது நம்புகிறது. முற்றத்தில் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி. நம் மனதில் தற்செயலுக்கு இருக்கும் படம் கிட்டத்தட்ட அதுதான். உண்மையான தற்செயல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், காய்ந்த முற்றத்தில் மழையின் முதல் துளிகள் விழுவதைப் பாருங்கள். ஓர் இடத்தில் நாலைந்து துளி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து நனைந்திருக்கும். பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குப் புழுதி அப்படியே கிடக்கும். யாரும் குறிபார்த்துத் தூவவில்லை. தூவாததால்தான் அப்படி.

பகடையும் அந்த மழைத்துளி மாதிரிதான் விழும். இரட்டை விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. தொடர்ந்து மூன்று இரட்டை விழும் வாய்ப்பு 216-ல் ஒன்று. கேட்கும்போது நடக்காத காரியம்போல் இருக்கிறது. ஆனால் ஒரு பேக்கேமன் ஆட்டத்தில் இருவருமாகச் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது முறை உருட்டுவார்கள். இருபது ஆட்டம் ஆடினால் ஆயிரம் வீச்சு. அதில் மூன்று இரட்டை தொடர்ந்து வருவது சராசரியாக நாலைந்து முறை நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். பலகை விரித்து நேரில் ஆடும்போது இருபது ஆட்டம் ஆட ஒரு வாரம் ஆகும். போனில் உருட்ட வேண்டாம், கட்டை தேட வேண்டாம், காய் எண்ண வேண்டாம், மழைக்காலத்தில் இரண்டு நாளில் முடித்துவிடலாம். அபூர்வமானவை ஆன்லைனில் அடிக்கடி கண்ணில் படுவதற்குப் பெரிய காரணம் இந்த வேகம்தான்.

1913 ஆகஸ்டில் மான்டி கார்லோ சூதாட்டக் கூடத்தில் ரூலட் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. "இவ்வளவு கறுப்பு வந்துவிட்டது, இனிமேல் சிவப்புதான்" என்று பணத்தைக் கொட்டியவர்கள் தோற்றார்கள். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. தாயத்திலும் இதையே பார்க்கிறோம். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்று முகம். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெற்றும் விழுந்தால் தாயம். 16 விதத்தில் 2, அதாவது எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது நாலில் ஒருவருக்கு நடக்கக்கூடியது. பெரியம்மா கட்டையைக் கையில் வாங்கி ஊதிவிட்டு உருட்டினால் பதினொன்றாவது முறை விழும் என்று நாங்கள் நம்பியதும் உண்டு.

இவ்வளவும் பகடை நியாயமானது என்று வைத்துக்கொண்டு சொன்ன கணக்கு. "நியாயமானதுதான்னு நீ எப்படிச் சொல்லுவ?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு, போனுக்குள் பகடை எப்படி உருளுகிறது என்று தெரிய வேண்டும்.

கம்ப்யூட்டருக்குக் கையும் இல்லை, கட்டையும் இல்லை. அதற்குத் தெரிந்தது கணக்கு மட்டும். கணக்கு போட்டே தற்செயல்போலத் தோன்றும் எண்களை உண்டாக்குகிறார்கள். சின்னதாக ஒன்றை நாமே செய்து பார்க்கலாம், ஒரு பேனா போதும். 5-ல் ஆரம்பியுங்கள். மூன்றால் பெருக்குங்கள், 31-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். அந்த மீதியை மறுபடியும் மூன்றால் பெருக்கி, 31-ஆல் வகுத்து, மீதி. இப்படியே போனால் 15, 14, 11, 2, 6, 18, 23, 7, 21, 1 என்று வரும். இவற்றைப் பகடையாக மாற்ற, ஒவ்வொன்றையும் 6-ஆல் வகுத்து மீதியோடு ஒன்றைக் கூட்டுங்கள். கிடைப்பது 4, 3, 6, 3, 1, 1, 6, 2, 4, 2. இரண்டிரண்டாகப் பிரித்தால் 4-3, 6-3, 1-1, 6-2, 4-2. இதைத் திண்ணையில் காட்டினால் யாரும் நிஜப் பகடை என்றுதான் சொல்வார்கள். நடுவில் ஓர் இரட்டைகூட விழுந்திருக்கிறது!

முப்பது எண் வரைக்கும் போய்ப் பாருங்கள். ஒன்று முதல் ஆறு வரை ஒவ்வொன்றும் சரியாக ஐந்து முறை வந்திருக்கும். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் முப்பதாவது எண்ணில் மறுபடி 5 வந்துவிடும், பிறகு பழைய வரிசையே திரும்பும். அதோடு, மீதி எண் ஒன்றைத் தெரிந்துகொண்டவனுக்கு அடுத்த எல்லாமே தெரியும்.

இந்தச் சின்னக் கணக்கை நான் எல்லா வகுப்பிலும் போட்டுக் காட்டுவதற்குக் காரணம் உண்டு. "தற்செயலா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம், ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எல்லா எண்ணும் சமமான அளவில் விழுகிறதா என்பது ஒன்று. அடுத்த எண்ணை யாராவது முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்பது இன்னொன்று. நம் 31 கணக்கு முதல் கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, இரண்டாவதில் பூஜ்யம் வாங்குகிறது. ஆடுகிறவனுக்கு இரண்டாவதுதான் முக்கியம். சகுனியின் பகடையில் பயமுறுத்துவது அதுதானே? என்ன விழும் என்று ஒருவனுக்குத் தெரிந்திருந்தது.

நிஜமான மென்பொருள்கள் 31-ஐ வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. ஜப்பானைச் சேர்ந்த மாட்சுமோட்டோ, நிஷிமுரா என்ற இருவர் 1997-ல் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை மிகவும் பரவலானது. க்னூ பேக்கேமன் என்ற இலவச மென்பொருளும் வழக்கமாக அதைத்தான் பயன்படுத்துகிறது. நம் கணக்கு முப்பதில் திரும்பியது. அது திரும்பி வர எடுக்கும் எண்ணிக்கையை எழுதினாலே 6002 இலக்கம் வரும். பிரபஞ்சம் முடிந்தாலும் திரும்பாது. அதிலும்கூட, அது வெளியிட்ட எண்கள் 624-ஐ முழுசாகப் பார்த்துவிட்டால் அடுத்தவற்றைக் கண்டுபிடிக்க முடியும். பகடையில் அந்த எண் முழுதாகத் தெரிவதில்லை, ஒன்று முதல் ஆறு வரையான சின்னத் துண்டுதான் வெளியே வருகிறது. பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு இது போதும். பணமோ ரகசியமோ சம்பந்தப்பட்ட இடத்தில் முன்னறிய முடியாத வேறு முறைகளைத்தான் வைக்க வேண்டும்.

எந்த முறையானாலும் ஆரம்ப எண் ஒன்று வேண்டும். நாம் 5-ல் ஆரம்பித்தோமே, அதுபோல. அதை விதை எண் என்பார்கள். வில்லங்கம் பெரும்பாலும் அங்கேதான். 1999-ல் ஆன்லைன் போக்கர் ஒன்றில் சீட்டு குலுக்கும் முறையைச் சில மென்பொருள் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். தாங்கள் நியாயமாகக் குலுக்குகிறோம் என்று காட்டுவதற்காக அந்தத் தரப்பே தன் குலுக்கல் நிரலை வெளியிட்டிருந்தது. 52 சீட்டை அடுக்கும் விதங்கள் 68 இலக்க எண். ஆனால் அந்த நிரல் விதையை எடுத்தது, நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவினாடி ஆகியிருக்கிறது என்பதிலிருந்து. ஒரு நாளில் இருப்பதே 8,64,00,000 மில்லிவினாடிதான். தங்கள் கடிகாரத்தைச் சர்வரின் கடிகாரத்தோடு ஒட்டி வைத்ததும், சாத்தியமான அடுக்குகள் சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கின. கையில் இரண்டு சீட்டு, மேசையில் மூன்று சீட்டு தெரிந்ததும் மற்றவர்கள் கையில் இருப்பது எல்லாம் திரையில் வந்துவிட்டது. கணக்கு நல்லதாக இருந்தும் விதை சொத்தையாக இருந்தால் விளைச்சல் அப்படித்தான்.

அப்படியானால் நல்ல விதை எங்கே கிடைக்கும்? கணக்குக்கு வெளியே, இயற்கையில். ரேண்டம்.ஆர்க் என்ற தளம் 1998 முதல் வானலை இரைச்சலிலிருந்து எண்களை எடுத்துத் தருகிறது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்காத இடத்தில் முள்ளை வைத்தால் ஒரு 'ஸ்ஸ்ஸ்' கேட்குமே, அதுதான். இன்றைய போன், கம்ப்யூட்டர் சில்லுகளுக்குள்ளேயே மின்சுற்றின் வெப்ப இரைச்சலை எண்ணாக மாற்றும் பகுதி இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த தற்செயல் நம் மாவட்டத்துக் கடற்கரையில்தான் கிடக்கிறது. மணவாளக்குறிச்சி மணல். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதைத் தேடி வந்துதான் இங்கே மணல் தொழிலே தொடங்கியது. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. தோரியம் அணுக்களில் பாதி சிதைய சுமார் 1400 கோடி ஆண்டு ஆகும். ஆனால் ஒரு பிடி மணலில் கணக்கில்லாத அணுக்கள் இருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒன்று சிதைந்துகொண்டே இருக்கும். கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் 'டிக்... டிக்டிக்...... டிக்' என்று ஒழுங்கில்லாமல் சத்தம் கேட்கும். அடுத்த டிக் எப்போது என்று அந்த அணுவுக்கும் தெரியாது. நமக்கு விவரம் போதாததால் அல்ல; அந்த விவரமே இயற்கையில் இல்லை என்றுதான் குவாண்டம் இயற்பியல் சொல்கிறது. மணல் எடுப்பதைப் பற்றியும் கதிர்வீச்சைப் பற்றியும் கரையோர மக்களுக்கு இருக்கும் கவலை பெரியது, நியாயமானது. அதை இந்தக் கட்டுரையில் ஒரு வரியில் தாண்டிப்போக எனக்கு மனமில்லை, தனியாக எழுதவேண்டிய விஷயம்.

அந்த டிக் சத்தத்தைப் பகடையாக்குவது சுலபம். முதல் இரண்டு டிக்குக்கு நடுவே உள்ள நேரத்தையும், அடுத்த இரண்டு டிக்குக்கு நடுவே உள்ள நேரத்தையும் அளந்து பாருங்கள். முதலாவது நீளமானால் 0, இரண்டாவது நீளமானால் 1 என்று எழுதுங்கள். சுவிட்சர்லாந்தில் ஜான் வாக்கர் என்பவர் கதிரியக்கமுள்ள சீசியம் வைத்து இப்படித்தான் ஹாட்பிட்ஸ் என்ற பெயரில் இணையத்தில் எண்கள் வழங்கிவந்தார்.

"அப்போ கையில உருட்டுற கட்டைதானே அசல் தற்செயல்?" என்றார் அண்ணன். அங்கேதான் ஆச்சரியம். 1894-ல் வெல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் பன்னிரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டி 26,306 முறை எழுதிவைத்தார். ஐந்தோ ஆறோ விழும் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது 0.3333 இருக்க வேண்டும். வந்தது 0.3377. முகத்தில் குழி தோண்டிப் புள்ளி வைப்பதால், ஆறு புள்ளி முகம் ஒற்றைப் புள்ளி முகத்தைவிடக் கொஞ்சம் இலேசாகிவிடுகிறது. அதனால் அது மேலே வருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கார்ல் பியர்சன் என்ற புள்ளியியலாளர் 1900-ல் தன் கை-வர்க்கச் சோதனையை (chi-square; இந்தக் 'கை' ஒரு கிரேக்க எழுத்து) வெளியிட்டபோது இந்த எண்களையும் எடுத்துக்கொண்டு சோதித்தார். நியாயத்தை அளக்க இன்று உலகம் பூராவும் பயன்படுத்தும் அளவுகோலின் முதல் உரசலில் தோற்றது கையால் உருட்டிய பகடை!

புளியங்கொட்டை இன்னும் மோசம். ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்து வெள்ளையாக்கித் தாயத்துக்குப் போடுவோமே, இரண்டு கொட்டை ஒரே மாதிரி உரைவதே இல்லை. ஆனாலும் கோணல் கொட்டையிலிருந்து நேரான தீர்ப்பு வாங்க ஒரு வழி உண்டு, வான் நியூமன் என்ற கணித மேதை 1951-ல் சொன்னது. ஒரே கொட்டையை இரண்டு முறை போடுங்கள். இரண்டும் வெள்ளை அல்லது இரண்டும் கறுப்பு என்றால் கணக்கில் சேராது. முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு என்றால் உங்களுக்கு; முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை என்றால் எனக்கு. கொட்டை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இந்த இரண்டு வரிசைக்கும் வாய்ப்பு ஒன்றுதான்.

எண்களின் சமநிலையை நீங்களே சோதிக்கலாம். 600 பகடை எண்களைத் தாளில் குறித்தால் ஒவ்வொன்றும் 100 முறை வர வேண்டும், ஆனால் அப்படியே வராது. உதாரணத்துக்கு 92, 108, 97, 113, 88, 102 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 113-ஐப் பார்த்ததும் சந்தேகம் வரும். ஒவ்வொன்றுக்கும் நூறிலிருந்து எவ்வளவு விலகல் என்று எடுத்து, வர்க்கமாக்கிக் கூட்டி, நூறால் வகுத்தால் 4.54 வரும். பியர்சனின் சோதனை இதுதான். இந்த எண் 11.07-ஐத் தாண்டினால்தான் கவனிக்க வேண்டும். நியாயமான பகடையிலும் இருபதில் ஒரு தடவை அது தாண்டும். ஆறு எண்ணும் அச்சு அசலாக 100, 100, 100 என்று வந்தால்தான் எனக்குப் பயம் வரும். முற்றத்து மழைக்குப் பதில் யாரோ கோலப்புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் இது முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். சர்வர் வைத்திருப்பவர் ஆளைப் பார்த்து எண் போட நினைத்தால் தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை. அதைத் தடுக்கும் முறையை நம் சின்னப் பிள்ளைகள் 'ஒத்தையா இரட்டையா' ஆடும்போது செய்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் விரல் நீட்டுவார்கள், கூட்டிப் பார்ப்பார்கள். ஒருவன் நேர்மையில்லாமல் நீட்டினாலும் மற்றவன் என்ன நீட்டுவான் என்று தெரியாததால் பலிக்காது. ஆன்லைனிலும் அதையே செய்யலாம். சர்வர் தன் எண்களை முதலிலேயே முடிவு செய்து, முத்திரை வைத்த கவர்போல உங்களிடம் கொடுத்துவிடும். ஹேஷ் என்ற கணக்குதான் அந்த முத்திரை: அரிசி மாவான மாதிரி, அதிலிருந்து உள்ளே இருக்கும் எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது, எண்ணை மாற்றினால் முத்திரை மாறிவிடும். பிறகு உங்கள் போன் தன் எண்ணைச் சொல்லும். இரண்டையும் கூட்டி, ஆறைத் தாண்டினால் ஆறைக் கழித்தால் பகடை. ஆட்டம் முடிந்ததும் கவரைப் பிரித்துச் சரிபார்க்கலாம். ஒரு தளம் இப்படி ஏதாவது வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக 2025-ல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. என் மாணவர்களுக்கு நான் சொல்வது, பகடை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அதில் காசு வைக்காதீர்கள்.

இலவசமாக ஆடும் தளத்தில் உங்கள் எதிராளிக்குச் சாதகமாக உருட்டி யாருக்கு என்ன லாபம்? நானும் அதை யோசித்தேன். ஆனால் அண்ணனுக்கு வாதம் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். க்னூ பேக்கேமனில் ஒரு வசதி இருக்கிறது: பகடையை நீங்களே கையால் உருட்டி எண்ணை மட்டும் அதில் பதியலாம். என் லேப்டாப்பை அவர் திண்ணைக்குக் கொண்டுபோனேன். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டியைத் திறந்து தன் சொந்தப் பகடைகளை எடுத்தார். இருவருக்கும் அவரே உருட்டினார். ஐந்து ஆட்டம். நாலில் கம்ப்யூட்டர் ஜெயித்தது. இரண்டாவது ஆட்டத்தில் அதற்கு வேண்டிய எண் அவர் கையாலேயே விழுந்தபோது பகடையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கம்ப்யூட்டருக்கு அதிர்ஷ்டம் அதிகம்போல் ஏன் தெரிந்தது? அது எந்த எண் விழுந்தாலும் பயன்படும்படி காயை வைக்கிறது. ஒருவனுக்கு ஆறு விழுந்தால் மட்டும் நல்லது என்று பலகை அமைந்திருந்தால் 36-ல் 11 அவனுக்கு நல்ல வீச்சு. ஆறோ ஐந்தோ எது விழுந்தாலும் நல்லது என்று வைத்தவனுக்கு 20. மூன்று எண்கள் உதவும்படி வைத்தவனுக்கு 27. மூன்று பேரும் ஒரே பகடையை உருட்டினாலும் மூன்றாமவனுக்கு 'எப்போதும் வேண்டிய நம்பர் விழும்'. அதோடு அது தன் தனிக்காயை ஆறில் விடாமல் ஏழில் விடுகிறது. அந்த மென்பொருளே ஆட்டம் முடிந்தபின் ஒவ்வொரு வீச்சிலும் யாருக்கு எவ்வளவு அதிர்ஷ்டம், எவ்வளவு பிழை என்று பிரித்துக் காட்டும். ஐந்தில் இரண்டு ஆட்டங்களில் அதிர்ஷ்டம் அண்ணன் பக்கம்தான் கூடுதலாக இருந்தது. அதில் ஒன்றைத் தோற்றிருந்தார். அந்தத் திரையை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. விழுந்த பிறகு "பாத்தியா" என்று சொல்லக்கூடாது. எதிராளி உருட்டுவதற்கு முன்னால், 36-ல் எத்தனை தன்னை வெட்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தன் காய் நடுச்சட்டத்தில் இருந்தால் எத்தனை ஏற்றும் என்று சொல்ல வேண்டும். பிறகு நடந்ததை நோட்டில் ஒரு கோடாகப் போட வேண்டும். மனது நமக்கு வலித்ததை மட்டும் சேர்த்துவைக்கும். 17 இருந்தும் வெட்டுப்படாமல் தப்பித்த நாளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

போன வாரம் மறுபடி மழை. திண்ணையில் போனோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ரப்பர் ஷீட் கணக்கு எழுதும் பழைய நோட்டு. அவருடைய காய் நடுச்சட்டத்தில் இருந்தது, எதிராளி ஐந்து கட்டம் பூட்டியிருந்தார்.

"பதினொண்ணு" என்றார், என்னைப் பார்க்காமலே. திரையைத் தொட்டார். ஐந்தும் மூன்றும் விழுந்தது, அவருக்கு வேண்டியது இரண்டு. ஏறவில்லை. பேனாவை எடுத்து 'ஏறல' என்ற பக்கத்தில் ஒரு கோடு போட்டார். அடுத்த முறையும் பதினொன்று என்றார். இரண்டும் ஒன்றும் விழுந்தது. 'ஏறிச்சு' என்ற பக்கத்தில் ஒரு கோடு.

"இப்ப எத்தனை, அண்ணே?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் இருபத்தெட்டு, அந்தப் பக்கம் பதினாலு. நூறு ஆகட்டும் மக்களே, பிறவு பேசுவோம்."

வெளியே மழை விட்டிருந்தது. பட்டை காய எப்படியும் மதியம் ஆகும்.